கொரோனா ஊரடங்கில் தளர்வு அறிவித்த பிறகு நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

பொன்மலைவாசி:

2022 பிப்ரவரி 1-ஆம் தேதியிலிருந்து ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லாப் பள்ளிகளும் திறந்தாயிற்று. இரவு ஊரடங்கும் ஞாயிறு ஊரடங்கும் அதற்கு முன்பே போய்விட்டன. ஞாபகம் மங்குவதற்குள் கேட்டுவிடலாம் என்றுதான் இதை ஆரம்பிக்கிறேன்.

2020 மார்ச் 25 அன்று எல்லோருக்கும் ஒரே நாளில் மூடினார்கள். திறந்தது மட்டும் ஆளுக்கொரு தேதியில். டீக்கடைப் பார்சல் மே 11, கிராமத்து சலூன் மே 19, பஸ் ஜூன் 1, ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட ஜூன் 8, பெரிய கோயில்கள் செப்டம்பர் 1, தியேட்டர் நவம்பர் 10, மெரினா டிசம்பர் 14. உங்கள் தேதி எது, அன்று ஜனங்கள் எப்படி இருந்தார்கள் என்று எழுதுங்கள். செய்தியில் படித்தது வேண்டாம். கண்ணால் பார்த்தது போதும்.

என் தேதி ஜூன் 1. தமிழ்நாட்டை எட்டு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்குள் மட்டும் பஸ் ஓடலாம் என்றார்கள். திருச்சி நான்காவது மண்டலம், திண்டுக்கல் ஐந்தாவது. வேலை விஷயமாக மணப்பாறை போகிற பஸ்ஸில் ஏறினேன். நூறு பேர் தொங்கிக்கொண்டு போகிற ரூட்டில் சீட்டுக்கு ஒருவர். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவர் இருமினார், நாலு ஜன்னல் திறந்தது. வண்டி வையம்பட்டிக்கு அந்தப் பக்கம், மாவட்ட எல்லையோடு சரி. "திண்டுக்கல் போறவங்க இ-பாஸ் வெச்சிருக்கீங்களா?" என்று கண்டக்டர் கேட்டபோது பின்சீட்டில் மூட்டையோடு இருந்த ஒரு குடும்பம் பதில் சொல்லாமல் எல்லை வரைக்கும் டிக்கெட் வாங்கியது. மீதி தூரத்தை நடந்துவிடுவார்கள் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மணப்பாறை ஸ்டாண்டில் முறுக்கு விற்கிறவர்கள் பஸ்ஸுக்குள் ஏறாமல் ஜன்னலுக்குக் கீழே நின்றார்கள். முன்பெல்லாம் வண்டி நிற்பதற்குள் உள்ளே இருப்பார்கள். யாரும் வாங்கவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பெண் அழுது அடம்பிடித்ததால் அவள் பாட்டி ஒரு பாக்கெட் வாங்கினார். சானிடைசரைப் பாக்கெட் மேல் ஊற்றி, முந்தானையால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் வெயிலில் வைத்துவிட்டுத் தருகிறேன் என்றார். அந்த முறுக்குக்காரர் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தரிக்கோல்:

அண்ணே, எங்களுக்கும் அதே ஜூன் 1-தான். சென்னையில் சலூன் கடைசியில்தான் திறந்தது. கடையைத் திறந்த மறுநாளே, வருகிறவர்களின் பெயர், விலாசம், போன் நம்பரோடு ஆதாரையும் எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

இருபது வருஷமாக என்னிடம் முடிவெட்டுகிற ஆள் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என் பேர் உனக்குத் தெரியாதாப்பா? ஆதார் எதுக்கு?" என்றார். மரியாதைக் குறைவாக நினைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அவர் பயம் வேறு. அந்த நாளில் தெருவில் ஒருவருக்குக் கொரோனா வந்தால், யாரும் வெளியே வராதபடி வீட்டுக்குத் தகரம் அடித்துவிடுவார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்கு அடித்திருந்தது. நாளைக்கு என் கடைக்கு வந்த யாருக்காவது வந்தால், நோட்டில் உள்ள எல்லார் வீட்டுக்கும் தகரம் வருமோ என்று கணக்குப் போட்டிருக்கிறார். வெட்டிக்கொள்ளாமலே போய்விட்டார். வியாதிக்குப் பயந்தவர்களைவிடத் தகரத்துக்குப் பயந்தவர்கள் எங்கள் பக்கம் அதிகம். இதை யாரும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன்.

வந்தவர்கள் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். வீட்டில் மனைவி வெட்டிவிட்டது, தானே மெஷின் போட்டுக்கொண்டது என்று தலை எல்லாம் மேடு பள்ளமாக இருந்தது. அதைச் சரிசெய்யத்தான் பாதி வேலை. பேச்சே இல்லை. சலூனில் பேச்சில்லாமல் வேலை செய்தது எனக்கு அதுதான் முதல் தடவை. மீசை தாடிக்கு மாஸ்க்கைக் கழற்ற வேண்டும் என்று பலர் ஷேவிங் வேண்டாம் என்றார்கள். ஒருதடவை தூக்கிப்போடுகிற துண்டு, கையுறை என்று கடன் வாங்கி வாங்கிவைத்தேன். ஜூன் 19-ஆம் தேதி சென்னையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் மறுபடி பூட்டினார்கள். வாங்கியதில் பாதி பிரிக்காமலே கிடந்தது.

ரங்கம் பூக்கடை:

நான் ஸ்ரீரங்கத்தில் கோயில் பக்கம் பூ விற்கிறவள். மகள் டைப் செய்து தருகிறாள்.

2020-இல் கிராமத்துச் சின்னக் கோயில்கள் ஜூலையிலேயே திறந்தன. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1. அன்று விடியற்காலையில் சாத்தாரவீதி சந்தையில் கடன் சொல்லிப் பூ எடுத்தேன். ஜனம் வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். கோபுரத்தைப் பார்த்ததும் ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டவர்கள் உண்டு. ஆனால் உள்ளே தேங்காய், பழம், மாலை எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று விதி. தீர்த்தம் இல்லை, அர்ச்சனை இல்லை. கோயில் திறந்ததற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. துளசி மாலை எல்லாம் வாடிக்கொண்டு வந்தது. மத்தியானம் ஒரு அம்மா சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, "பெருமாளுக்குப் போட விடல, என் தலைக்காவது வெச்சுக்கறேன்" என்று மல்லி ரெண்டு முழம் வாங்கினார். அவர் வாங்கியதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் தலைக்கு வாங்கினார்கள். பல பேருக்கு அன்று பூ தேவையே இல்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் நடந்ததுதான் ரொம்ப வலித்தது. இரண்டாம் அலை குறைந்து 2021 ஜூலையில் கோயில் திறந்தார்கள். ஆகஸ்டில், கூட்டம் சேருகிறது என்று வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். எங்கள் வியாபாரமே அந்த மூன்று நாள்தான். மற்ற நாலு நாளில் டீச்செலவுக்குத் தேறும், அவ்வளவுதான். புரட்டாசி சனிக்கிழமை பூட்டிய கதவுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் "போங்கம்மா, நிக்காதீங்க" என்றார். விஜயதசமி சமயம்தான் எல்லா நாளும் திறந்தார்கள். அதற்குள் என் பக்கத்துக் கடைக்காரி கடையை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

திருவள்ளூர் பாசஞ்சர்:

எனக்குத் தளர்வு என்றால் மின்சார ரயில். பாரிமுனையில் ஒரு குடோனில் வேலை. சீசன் டிக்கெட்டில் போய்வந்தவனுக்கு பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறிப் போனால் சம்பளத்தில் பெரிய பங்கு போய்விடும்.

2020 அக்டோபர் 5 முதல் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் ரயில். நவம்பர் 23 முதல் பெண்களுக்கு, கூட்டமில்லாத நேரத்தில். எங்களைப் போன்ற ஆண்களுக்கு டிசம்பர் 23. அதுவும் காலை 7 மணி முதல் 9.30 வரையும், மாலை 4.30 முதல் 7 வரையும் ஏற முடியாது. கூலி வேலைக்குப் போகிறவன் வேறு எந்த நேரத்தில் போவான்? ஏழு மணி வண்டியை விட்டுவிட்டால் ஒன்பதரை வரை ஸ்டேஷன் வெளிப்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். பாதி காலி வண்டிகள் எங்கள் முன்னாலேயே போகும். யாரும் சத்தம் போட்டதில்லை. கலாட்டா செய்தால் கிடைத்ததையும் நிறுத்திவிடுவார்கள் என்று பெரியவர்கள் இளசுகளை அடக்கிவைப்பார்கள். சில முதலாளிகள் வேலை நேரத்தைப் பதினொன்றுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். என் முதலாளி அரைநாள் சம்பளம் பிடித்தார்.

எனக்கு இன்னும் ஆறாத கேள்வி இது. அதற்குள் தியேட்டர் திறந்துவிட்டார்கள், மெரினா திறந்துவிட்டார்கள். வேலைக்குப் போகிற ரயில் ஏன் அவற்றுக்கும் பின்னால்?

அடையாறு அக்கா:

உங்கள் வருத்தம் புரிகிறது தம்பி. ஆனால் எல்லோரும் திறக்கச் சொல்லிக் காத்திருக்கவில்லை.

2021 மே மாதம் அப்பா போய்விட்டார். நேரு ஸ்டேடியத்தில் ரெம்டெசிவிர் மருந்து வாங்கும் வரிசையில் தம்பி நின்றுகொண்டிருந்தபோதே போன் வந்தது. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஜூன் 7-ஆம் தேதி தளர்வு வந்தது. ஜூன் 14 டாஸ்மாக் திறந்தார்கள். மதுரையில் ஒருவர் பாட்டிலை வைத்துக் கும்பிட்ட வீடியோ குடும்ப வாட்ஸப் குரூப்பில் வந்தது, கீழே பத்துப் பேர் சிரித்திருந்தார்கள். அப்பாவுக்குக் காரியம் முடிந்து அப்போதுதான் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. குரூப்பை விட்டு வெளியே வந்தேன், இன்னும் சேரவில்லை. கடைவீதியில் கூட்டத்தை டிவியில் காட்டும்போதெல்லாம் இவர்கள் யார் வீட்டிலும் யாரும் சாகவில்லையா என்றுதான் தோன்றும். எனக்கு வெளியே வர மாதக்கணக்கானது. தளர்வு என்ற வார்த்தையே அன்று எனக்குப் பிடிக்கவில்லை.

29சி கண்டக்டர்:

அக்கா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வெளியே வந்த கூட்டத்தில் நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

சென்னையில் 2021 ஜூன் 21 அன்று பாதி சீட்டோடு பஸ் விட்டோம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசம் என்று மே 8-ஆம் தேதியே வந்துவிட்டது. ஆனால் மே 10-இல் ஊரடங்கு போட்டதால் பல பேருக்கு அதைப் பயன்படுத்த அதுதான் முதல் நாள். ஒரு அம்மா ஐந்து ரூபாயைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஏறினார். காசு வேண்டாம்மா என்றால் நம்பவில்லை. "இறங்கறப்ப கேப்பியா?" என்றார். கேட்க மாட்டேன் என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் முந்தியில் முடிந்துகொண்டார்.

நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். அரசாங்கம் திறந்தாலும் அந்த அபார்ட்மெண்ட் அசோசியேஷன் வேலைக்காரர்களை உள்ளே விடவில்லையாம். இன்றைக்கு விடுவார்களா என்று கேட்டுப்பார்க்கத்தான் போகிறார். சாயங்காலம் அதே அம்மா என் வண்டியிலேயே திரும்பினார். "ஊசி போட்ட சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் கேட்டுக்குள்ள விடுவாங்களாம்" என்றார். ஊசி முகாம் எங்கே நடக்கிறது என்று பஸ்ஸில் இருந்த பெண்கள் ஆளாளுக்கு வழி சொன்னார்கள். ஒரு காலேஜ் பெண் அவர் போன் நம்பரை வாங்கிப் பதிவு செய்துகொடுத்தது. சர்ட்டிபிகேட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு மறுபடி போயிருப்பார் என்று நினைக்கிறேன். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

மூணாம் வகுப்பு டீச்சர்:

எங்கள் தேதி 2021 நவம்பர் 1. ஒன்று முதல் எட்டு வரைக்கும் அன்றுதான் திறந்தது. வாசலில் வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்து அழைத்தோம். ஊரே வந்து நின்றது. மேளச் சத்தத்தைக் கேட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மிரண்டு அழுதார்கள். இரண்டாம் வகுப்பு என்று பதிவேட்டில் இருந்தவர்களும் சேர்ந்து அழுதார்கள். அவர்களும் பள்ளிக்கூடத்தை முதல்முதலாகப் பார்க்கிறார்கள் என்பதை அந்த நிமிஷம்தான் நாங்கள் எல்லோரும் உணர்ந்தோம்.

என் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பை முடிக்கும் முன்பே வீட்டுக்குப் போனவர்கள். பென்சிலை முஷ்டியில் பிடித்தார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதத் தெரியவில்லை. ஒரு எழுத்தைப் பார்ப்பது, குனிவது, மறந்துவிடுவது, மறுபடி நிமிர்வது. ஒரு வரி எழுத ஒரு பீரியட் ஆனது. மத்தியானம் சத்துணவுக்கு உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றியதும் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "உனக்குப் பல்லு இல்லையா!" என்று ஒருத்தி கத்த, எல்லோரும் விழுந்த பல்லைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முட்டை ஆறிப்போகிறது என்று சத்துணவு அம்மா திட்டும் வரை அது நிற்கவில்லை. சரி, பிழைத்துக்கொள்வார்கள் என்று எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. அந்த வாரமே தீபாவளி, பின்னாலேயே மழை, மறுபடி விடுமுறை.

சின்னப் பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். பெரிய வகுப்பில்தான் ஓட்டை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் டூவீலர் பட்டறையில் இருந்தான். தலைமையாசிரியரோடு போய்ப் பேசினோம். பட்டறைக்காரர் மனிதர் நல்லவர், அனுப்புகிறேன் என்றார். ஆனால் அவன் அம்மா முன்பணம் வாங்கியிருந்தார், அதை யார் கட்டுவது என்று கேட்டார். ஊர்ப் பெரியவர்கள் பேசி, அவர் தவணையாகக் கட்டுவது என்று முடிவானது. பையன் வந்துவிட்டான். கையில் கிரீஸ் கறையோடு முதல் பெஞ்சில் உட்காருகிறான். அவனோடு படித்த இன்னொருவன் மாமாவோடு திருப்பூர் போய்விட்டான். பனியன் கம்பெனி என்கிறார்கள், எந்தக் கம்பெனி என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை.

பல்லடத்தான்:

டீச்சர், திருப்பூர் போன அந்தப் பையனுக்குப் பதினாலு வயது முடிந்துவிட்டதா? முடியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நீங்களே போன் செய்து சொல்லலாம், உங்கள் பெயரை வெளியே விட மாட்டார்கள். மாமா எந்த ஏரியாவில் குடியிருக்கிறார் என்று மட்டும் வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். அனுப்பர்பாளையம், வேலம்பாளையம் பக்கம் என்றால் எனக்குத் தெரிந்த தொழிற்சங்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள், நேரில் போய் விசாரிக்கலாம்.