புதுப்பிப்பு: மங்கலான ஹெட்லைட், ரிலே போட்ட பிறகு

பைக்கின் ஹெச்4 ஹாலஜன் விளக்கு இரவில் போதவில்லை, எல்.இ.டி பல்பு மாற்றுவதா, துணை விளக்கு போடுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். முதலில் வயரிங்கைப் பாருங்கள் என்று சிலர் சொன்னீர்கள். அதுதான் சரியான இடம்.

என்ஜின் ஓடும்போது மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், பேட்டரியில் இருப்பதைவிட பல்பு முனையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைவு. மெல்லிய வயரும் ஸ்விட்சும் வழியிலேயே தின்றுவிடுகின்றன. ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின் ஸ்விட்ச்) வழியாகத் தடித்த வயர் இழுத்தாயிற்று. அதே 60/55 வாட் பல்புதான். சாலையோரப் பள்ளம்கூட இப்போது முன்கூட்டியே தெரிகிறது.

எல்.இ.டி பல்பு வேண்டாம் என்று முடிவு. ஹாலஜன் இழைக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் அது பெரும்பாலும் ஒளியைச் சிதறடித்து எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும்.

அப்புறம் துணை விளக்குகள். அவற்றின் ரிலேயை ஹை பீம் வயரோடு இணைத்திருக்கிறேன். டிம் செய்ததும் சேர்ந்தே அணைந்துவிடும். துணை விளக்கு போடுபவர்கள் தயவுசெய்து இப்படியே இணையுங்கள்.

ஒன்று பாக்கி: பின்னால் ஆள் ஏறினால் ஒளி மேலே தூக்குகிறது. பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) கூட்டிப் பார்க்கப் போகிறேன்.