கோவையில் ஆர்.சி. கடை: என்னென்ன வாங்கி வைக்கட்டும்?

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஆர்.சி. (ரிமோட்டில் இயங்கும்) கார், விமானங்களுக்கென்று சின்னதாக ஒரு கடை போடப் போகிறேன். சரக்கு எடுக்கும் முன் உங்கள் உதவி வேண்டும்.

கடை எண்ணம் வந்ததே ஒரு செர்வோ ஹார்னால்தான் (சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டாரின் பல் தண்டில் மாட்டும் கை). போன வருடம் என் காரில் அது உடைந்தது. ஆன்லைனில் ஆர்டர் போட்டு 18 நாள் காத்திருந்தேன். வந்தது 23 பல், என் செர்வோவுக்கு வேண்டியதோ 25 பல். பக்கத்தில் ஒரு கடை இருந்திருந்தால் பொருத்திப் பார்த்தே வாங்கியிருப்பேன். மகனின் கோடை விடுமுறை முழுக்க வண்டி பரண்மேல் கிடந்தது.

அதனால் முழு வண்டிகளைவிட உதிரிபாகங்களுக்கே அதிகப் பணம் ஒதுக்க நினைக்கிறேன். பினியன் (மோட்டாரில் மாட்டும் சிறு பல்சக்கரம்), பேரிங், சஸ்பென்ஷன் ஆர்ம், ப்ரொப்பெல்லர், பேட்டரியை இணைக்கும் எக்ஸ்டி60 கனெக்டர் எல்லாம் சரி, ஆனால் எந்த மாடல்களுக்கு? உங்களிடம் 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) வண்டிகள் அதிகமா, 1/8 அதிகமா?

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில்தான் ரொம்ப யோசனை. முழு சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தால் உப்பிவிடும். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, விற்கும்போது உங்கள் முன்னாலேயே ஒவ்வொரு செல்லையும் அளந்து காட்டித் தருவேன். 2எஸ் (இரண்டு செல்), 3எஸ் (மூன்று செல்) இரண்டில் எது அதிகம் போகும்?

அப்புறம், கடையிலேயே சாலிடரிங், பழுதுபார்க்கும் மேஜை போட்டால் வருவீர்களா? ஞாயிறு காலை திறந்திருக்க வேண்டுமா?

பாகம் கிடைக்காமல் வண்டியை மூலையில் போட்டவர்கள், எந்த மாடல், எந்தப் பாகம் என்று கீழே எழுதுங்கள். அதை வைத்துத்தான் முதல் ஆர்டர் போடுவேன்.