மோரிஸ் மைனரா, பீட்டிலா? பினாங்கில் ஓட்ட எது தோது?

ஆயர் ஈத்தாம் 64:
வணக்கம். இரண்டு பழைய கார்கள் விற்பனைக்கு இருக்கின்றன: 1965 மோரிஸ் மைனர் 1000 ஒன்று, 1098 சிசி. 1969 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1300 ஒன்று. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். வார நாளில் ஜார்ஜ்டவுன் நெரிசல், ஞாயிறு துன் சார்டோன் சாலை ஏறி பாலிக் பூலாவ். எதை எடுக்கலாம்? காரை நேரில் பார்க்கப் போகும்போது எங்கே கை வைத்துப் பார்க்கணும்?

கிரீஸ்கன்:
தாளில் மைனர்தான் பலசாலி, 48 குதிரைசக்தி. பீட்டிலுக்கு 40தான். மேட்டில் கணக்கு மாறும். பீட்டிலின் முழு இழுவை நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே கிடைத்துவிடும், மைனருக்கு 2500 வேண்டும். அதோடு மைனரின் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கும் அமைப்பு, கிடையாது. வளைவில் இரண்டாவதில் திணறும்போது அப்படியே முதலுக்குத் தள்ளினால் பல் அரைபடும். நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து, மறுபடி கிளட்ச் அழுத்திப் போடணும்.

மைனரில் பார்க்க வேண்டியது முன்சக்கரத்தின் கீழ் டிரன்னியன், அதாவது சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மரை போட்ட மூட்டு. ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடத்தால் மரை தேய்ந்துவிட்டது. மரை கழன்றால் ஓட்டத்திலேயே சக்கரம் மடிந்து கார் தரையில் உட்காரும். கிரீஸ் அடிக்கும்போதும் சக்கரம் தொங்கணும், பாரம் இருந்தால் உள்ளே ஏறாது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில் கம்பளத்துக்குக் கீழே இருக்கிறது. கண்ணில் படாததால் ஆயில் குறைவதை யாரும் கவனிப்பதில்லை.

பின்எஞ்சின்:
பீட்டிலின் பின்பக்க எஞ்சினைக் குளிரவைப்பது தண்ணீர் இல்லை, விசிறிக் காற்று. அதனால் நெரிசலில் சூடாகும் என்பது பாதி உண்மை. பின்மூடியைத் திறந்து, எஞ்சினைச் சுற்றி ரப்பர் பட்டை முழுசாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கீழே சைலன்சர் பக்கத்துச் சூட்டை விசிறி திரும்ப உறிஞ்சும். ஆயில் கூலர் காற்றை மறைப்பதால் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் கருகும். வால்வு இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில்) 0.15 மி.மீ., காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது வைக்கணும்.

ஆயில் இரண்டரை லிட்டர்தான், ஃபில்டர் இல்லை, வெறும் வலை. நம் நெரிசலுக்கு 3000 கி.மீ.க்கு ஒரு தடவை மாற்றுங்கள். வலைத்தட்டின் ஆறு சின்ன நட்டையும் பலம் காட்டி முறுக்கினால் நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்: டைனமோவையும் விசிறியையும் சுற்றுவது ஒரே பெல்ட், அது அறுந்தால் விசிறியும் நின்றுவிடும். காரில் எப்போதும் மாற்று பெல்ட் ஒன்று, 21 எம்எம் ஸ்பேனர், ஸ்குரூடிரைவர் வைத்திருங்கள்.

வாங்குமுன் பின்சீட்டைத் தூக்கி, பேட்டரிக்கு அடியில் தகரம் துருப்பிடித்திருக்கிறதா என்று குத்திப் பாருங்கள்.

ஆயர் ஈத்தாம் 64:
நன்றி. ரோன் 95 பெட்ரோல் போதுமா? ஏர்கோன் போடலாமா?

கிரீஸ்கன்:
இரண்டுக்கும் 95 போதும். ஆனால் ஈயமில்லாத பெட்ரோலில் மைனரின் பழைய எஞ்சின் ஹெட்டில் வால்வு சீட், அதாவது வால்வு உட்காரும் இடம், தேயும். மைனரின் 0.30 மி.மீ. வால்வு இடைவெளி மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வந்தால் அதுதான் அடையாளம், ஹெட்டைக் கழற்றிக் கடின சீட் போடணும். பீட்டிலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஏர்கோன் ஆசை வேண்டாம், அந்த 40 குதிரையில் கம்ப்ரசருக்கும் பங்கு போகும். காற்று வர, முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி விடுங்கள்.

சாலை வரி மைனருக்கு 55 வெள்ளி, பீட்டிலுக்கு 70. அந்த 15 வெள்ளியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மலை ஏறுகிறவருக்கு என் ஓட்டு பீட்டில், தகரம் நன்றாக இருந்தால்.