புதிய ஃபைபர் பெட்டியும் என் பழைய ரௌட்டரும்: பிரிட்ஜ் முறை தேவையா?

கொட்டகைக்காரன், சுங்கை சிப்புட்:
தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக்குச் சென்ற வாரம் வேறொரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பு வந்தது. என் சொந்த ரௌட்டரை அவர்களுடைய பெட்டியின் பின்னால் மாட்டினேன். வைஃபை விளக்கு எரிந்ததே தவிர ஒரு பக்கமும் திறக்கவில்லை. இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியைப் பிடித்துக்கொண்டிருந்தன. என்னுடையதை 192.168.50.1 என மாற்றியதும் இணையம் வந்துவிட்டது. ஆனால் மாட்டுக் கொட்டகைக் கேமராவை ஈப்போவில் வேலையிடத்திலிருந்து பார்க்க முடியவில்லை. பழைய இணைப்பில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டி தன் ரௌட்டர் வேலையை விட்டு, இணைப்பை அப்படியே என் ரௌட்டருக்குக் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு அதை மாற்றிவிடலாமா?

செம்பனைச் சாலை:
தாராளமாக மாற்றுங்கள். இப்போது ‘நாட்’ எனப்படும் முகவரி மாற்றம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு முறை நடக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு முதல் பெட்டியிலேயே நின்றுவிடும். பிரிட்ஜ் ஆக்கிவிட்டு, நிறுவனத்தின் வலையில் நுழையும் முறையான பிபிபிஓஇ-க்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் ரௌட்டரில் இட்டு, இணையத் தடத்தைப் பிரித்துக்காட்டும் விலேன் எண்ணையும் கொடுங்கள். மலேசியாவின் யுனிஃபை இணைப்பென்றால் அது 500. மற்றவர்களிடம் வேறு எண் இருக்கும், கேட்டு வாங்குங்கள். பிபிபிஓஇ 8 பைட்டைத் தனக்கென எடுத்துக்கொள்வதால் ஒரே பொட்டலமாக அனுப்பக்கூடிய தரவின் உச்ச அளவான எம்டியு 1500-இலிருந்து குறைந்து 1492 ஆக இருக்க வேண்டும். மாதக் கட்டணம் கட்டுவது நாம். ரௌட்டரின் சாவி மட்டும் ஏன் அவர்கள் கையில் இருக்க வேண்டும்?

பழைய லயத்துக்காரர்:
தம்பி, அவசரப்பட வேண்டாம். என் வீட்டில் அப்படி மாற்றிய பிறகு ஒருநாள் இணைப்பு அறுந்தது. வந்த பணியாளர், “முதலில் உங்கள் ரௌட்டரைக் கழற்றுங்கள்” என்று சொல்லிப் பெட்டியைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டுப் போய்விட்டார். வீட்டுத் தொலைபேசி அந்தப் பெட்டியில் செருகப்பட்டிருந்தால் அதுவும் ஊமையாகக்கூடும். எதையும் மாற்றுவதற்கு முன் அந்தப் பெட்டியின் வான் முகவரியை, அதாவது நிறுவனம் அதற்குக் கொடுத்திருக்கும் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நிறுவனமே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறது என்று பொருள்; நீங்கள் பிரிட்ஜ் செய்தாலும், வெளியிலிருந்து கேமராவுக்கு வரும் வாசலான போர்ட் திறக்காது.

செம்பனைச் சாலை:
பணியாளர் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்காக நாம் நம் உரிமையை விட்டுக்கொடுப்பதா, ஐயா? பொது முகவரி கேட்டால் சில நிறுவனங்கள் தருகின்றன.

பழைய லயத்துக்காரர்:
கேட்கட்டும், நான் தடுக்கவில்லை. கிடைக்கும்வரை கொட்டகையை யார் பார்ப்பது? கேமராப் பதிவுப் பெட்டியில் கிளவுட் வசதி இருந்தால், அதுவே வெளியே போய்ச் சேவையகத்தோடு தொடர்பு வைத்துக்கொள்ளும். போர்ட் திறக்கும் வேலையே இல்லை. ரௌட்டரை வைஃபை மட்டும் தரும் வெறும் ஆக்சஸ் பாயிண்ட் ஆக்குங்கள்: முதலில் அதற்கு நிறுவனப் பெட்டியின் வரிசையிலேயே யாரிடமும் இல்லாத 192.168.1.2 போன்ற ஒரு முகவரி, பிறகு கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபியை அணைத்தல், கடைசியாகக் கம்பியை நீல நிற வான் துளையிலிருந்து எடுத்து வீட்டுக் கருவிகளுக்கான லான் துளையில் செருகுதல். இந்தத் துளை விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள்.

கொட்டகைக்காரன்:
பார்த்தேன். வான் முகவரி 100.72 என்றுதான் தொடங்குகிறது. ஐயா சொன்னபடி ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கி, பதிவுப் பெட்டியில் கிளவுடை இயக்கினேன். மதிய இடைவேளையில் ஈப்போவிலிருந்து கொட்டகை தெரிந்தது. வேகம் மட்டும் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை.

செம்பனைச் சாலை:
அது முறையின் குற்றமல்ல, கம்பியின் குற்றமாக இருக்கலாம். எட்டு இழைகளில் ஒன்று அறுந்திருந்தாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடக்கூடும். கிகாபிட் வேகம் தாங்கும் ‘கேட் 5இ’ வகைக் கம்பி ஒன்று வாங்கி மாற்றிப் பாருங்கள். பொது முகவரியையும் கேட்டு வையுங்கள். கிடைத்த அன்று பிரிட்ஜ் பற்றி மீண்டும் பேசுவோம்.