பழைய வண்டிக்குள் யாரோ போட்டு வைத்த நல்ல சாமான்கள்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிறகு, விற்றவருக்கே தெரியாத நல்ல சாமான் உள்ளே இருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? என்னுடையதைச் சொல்கிறேன்.

1993 மாடல் புல்லட் 350 ஸ்டாண்டர்டு. திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் வாங்கினேன். வண்டியை வைத்திருந்தவர் லேத் பட்டறைக்காரர், காலமாகிவிட்டார். விற்றது மகன். "ஞாயித்துக்கிழமையானா அப்பா இதையேதான் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு" என்பதற்கு மேல் அவருக்கு வண்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் சந்தேகம், பேட்டரி கரண்டைக் காட்டும் ஆம்பியர் மீட்டரைப் பார்த்துதான் வந்தது. காஸ்ட் அயர்ன் புல்லட் ஓட்டியவர்களுக்கு இது பழக்கம்: சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்குத் திரும்பும். பாயின்ட் என்பது ஸ்பார்க் காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச்; அது மூடியிருக்கும் வரை காயிலுக்கு கரண்ட் போகும், திறந்ததும் நின்றுவிடும். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, மேலே விட்டு, ஒரே உதை. இந்த வண்டியில் முள் அசையவே இல்லை. மீட்டர் போய்விட்டதோ என்று ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன்; ஒழுங்காகச் சாய்ந்தது. உதைத்தால் வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆகிறது.

சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் பாய், பாயின்ட் கேப் பார்க்க ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே பாயின்ட்டும் இல்லை, கண்டென்சரும் இல்லை. லேத்தில் கடைந்த அலுமினியத் தட்டு, அதில் ஒரு பிக்கப் காயில், நடுவில் காந்தம் பதித்த ரோட்டார். தட்டுக்கு அடியில், வேகம் கூடினால் ஸ்பார்க்கை முன்தள்ளும் அட்வான்ஸ் வெயிட்டும் ஸ்பிரிங்கும் கம்பெனி போட்டபடியே இருந்தன. அங்கிருந்து போன ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், டூல் பாக்ஸுக்குப் பின்னால் அதிர்வு தாங்க ரப்பர் வைத்துக் கட்டிய சின்னக் கறுப்புப் பெட்டி. அதாவது பாயின்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன்; அதனால்தான் முள் அசையவில்லை. தட்டின் ஓரத்தில் டைமிங் கோடு அவ்வளவு நேர்த்தியாகக் கீறியிருந்தது. பாய் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது கடையில வாங்குனது இல்ல தம்பி. கையால செஞ்சது."

அதன்பிறகுதான் மற்றவற்றையும் கவனித்தோம். முன் சக்கரத்தில் 350க்கு வரும் 6 இன்ச் டிரம் இல்லை. 500 புல்லட்டின் 7 இன்ச் டிரம், பிரேக் ஷூவை விரிக்க இரண்டு கேம், இரண்டையும் இணைக்கும் ராடு. பிரேக் ஏன் இப்படிப் பிடிக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் அதிகம். எழுபதில் போகும்போது என்ஜின் திணறாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

மகனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பட்டறையில் தேடிப் பார்த்து, கழற்றிய பழைய பாயின்ட் பிளேட்டை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கண்டுபிடித்து பார்சல் அனுப்பினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

*

அண்ணே, படிக்கப் படிக்க சந்தோஷமாக இருந்தது. என்னுடையது சின்ன விஷயம், ஆனால் தினமும் அனுபவிக்கிறேன்.

பழைய மாருதி 800. வாங்கிய அன்று ராத்திரி விழுப்புரம் தாண்டும்போதே ஹெட்லைட் வெளிச்சம் ஆச்சரியமாக இருந்தது. எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெளிச்சம் இல்லை, சாதாரண மஞ்சள்தான். பல்பைக் கழற்றினால் எல்லோரும் போடும் 60/55 வாட்ஸ் ஹாலஜன். அப்புறம் பேட்டரியிலிருந்து ஒயரைத் தொடர்ந்து பார்த்தேன்: ஒரு ஃபியூஸ், கிரில்லுக்குப் பின்னால் இரண்டு ரிலே, பல்பு வரை தடித்த ஒயர், முனையில் செராமிக் ஹோல்டர்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரிலே இல்லாத வண்டியில் ஹெட்லைட்டுக்கான மொத்த கரண்டும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகப் போய்த் திரும்புகிறது. இரண்டு பல்புக்கும் சேர்த்து பத்து ஆம்பியர் அளவுக்கு வரும். மெல்லிய ஒயரிலும் தேய்ந்த சுவிட்சிலும் வோல்டேஜ் விழுகிறது. ஹாலஜனில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம்போல் குறைந்துவிடும். சுவிட்சும் சூடாகி உருகும். ரிலே போட்டால் சுவிட்ச் ரிலேயைத் தட்டிவிடுவதோடு சரி, பேட்டரி கரண்ட் நேராகப் பல்புக்குப் போய்விடும். என் வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரிக்கும் ஹோல்டருக்கும் அரை வோல்ட்கூட வித்தியாசம் இல்லை.

ஆனால் இப்படி யாரோ இழுத்த ஒயரைக் கண்டால் முதலில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அன்றே போட்டுவிடுங்கள். ஃபியூஸ் இல்லாத ஒயர் உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்கும்.

*

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். உள்ளே இருப்பது எல்லாமே லாபம் ஆகாது.

என் மாமா ஒரு பழைய அம்பாசிடர் பார்த்தார். ஆர்சியின்படி 1,489 சிசி பெட்ரோல் என்ஜின் இருக்க வேண்டிய வண்டி. பானெட்டைத் திறந்தால் இசுசு 1,800 சிசி என்ஜின், தரையில் ஐந்து கியர். ஓட்டுவதற்கு அவ்வளவு அருமை. மாமா அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிட்டார். நான் என்ஜின் நம்பரைத் துடைத்து ஆர்சியோடு ஒப்பிட்டேன். சேரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி என்ஜின் மாற்றினால் ஆர்டிஓ அனுமதி வேண்டும், ஆர்சியில் ஏறவும் வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் என்ன பேசுவீர்கள்? விற்பவர் தன் பெயரில் இருக்கும்போதே சரிசெய்து தந்தால் வாங்கலாம் என்றோம். அவர் முடியாது என்றார், விட்டுவிட்டோம். காஸ் கிட் உள்ள வண்டிக்கும் இதே கதைதான், ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

*

வண்டி இல்லை, கேமரா. பரவாயில்லையா?

புதுச்சேரியில் ஒருவர் பழைய டிஎஸ்எல்ஆர் பாடியைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். "வியூஃபைண்டர் நடுவுல ஒரு வட்டம் தெரியுது, பாதி கறுப்பாயிடுது, அதான் விலைய கொறச்சேன்" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸை மாட்டினேன். கறுப்பு மறைந்துவிட்டது. வட்டத்துக்குள் ஜன்னல் கம்பி இரண்டாக உடைந்து தெரிந்தது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்து வந்து ஒரே கோடாகச் சேர்ந்தன. யாரோ ஸ்ப்ளிட் பிரிசம் ஃபோகஸிங் ஸ்கிரீன் போட்டிருக்கிறார்கள்! கேமராவோடு வரும் கிட் லென்ஸ்போல எஃப்/5.6 அளவுக்குத் துளை சின்னதாக இருந்தால் அந்த வட்டத்தில் ஒரு பாதி இருண்டுவிடும். அதைத்தான் பழுது என்று நினைத்திருக்கிறார். கண்ணை மட்டும் நம்பி மேனுவல் ஃபோகஸ் செய்பவர்களுக்கு இது பெரிய வரம்.

*

முதலில் எழுதிய புல்லட்காரன்தான். உள்பெட்டியில் சிலர் கேட்டதால் சொல்கிறேன்: ஆமாம், அந்தக் கறுப்புப் பெட்டி நின்றால் என்ன செய்வது என்ற கவலை எனக்கும் இருந்தது. பெட்டியில் பெயரோ நம்பரோ இல்லை, உள்ளே பிசின் ஊற்றி மூடியிருக்கிறது. அதனால் பாயின்ட் பிளேட்டையும் புதுக் கண்டென்சரையும் டூல் பாக்ஸிலேயே வைத்திருக்கிறேன். பாய் ஒயரிங்கில் ஒரு கப்ளர் வைத்துக் கொடுத்துவிட்டார். வழியில் நின்றால் பிளேட்டை மாற்றி, கப்ளரை மாற்றிச் செருகி, டைமிங் வைத்துக் கிளம்பிவிடலாம்.

ஆர்சி பற்றிச் சொன்ன நண்பருக்கு நன்றி. என்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வாங்கும்போதே பார்த்தேன், இரண்டும் சரி.

திருவண்ணாமலை, வேலூர் பக்கம் தொண்ணூறுகளில் புல்லட்டுக்கு இப்படிக் கையால் இக்னிஷன் செய்து போட்ட பட்டறை எதுவும் உங்களுக்குத் தெரியுமா? அந்த ரோட்டாரின் காந்தம் எங்கிருந்து எடுத்தார்கள் என்றாவது தெரிந்துகொள்ள ஆசை.