பழந்தின்னி வௌவால் கணக்கெடுப்பு: பாக் நீரிணையின் இரு கரையிலும் ஒரே முறையில் எண்ணுவது எப்படி?

அடைமரம்_டெல்டா (கேள்வி):
தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் 14 தோப்புகள், யாழ்ப்பாணம், வவுனியா பக்கம் 6 தோப்புகள் என்று ஒரு கூட்டுக் கணக்கெடுப்புக்குத் திட்டம். இரு கரையிலும் தன்னார்வலர்கள்தான் எண்ணுவார்கள், ஆய்வு மாணவர்கள் சரிபார்ப்பார்கள். ஒத்திகையில் ஒரே ஆலமரத்துக்குப் பகலில் தொங்குவதை எண்ணினால் 640, அந்தியில் பறந்து கிளம்புவதை எண்ணினால் 1,050 வருகிறது. எதை எழுதுவது? எல்லாத் தோப்பிலும் ஒரே நாளில்தான் எண்ண வேண்டுமா? அனுமதி யாரிடம்?

அந்தி_எண்ணி:
இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். சராசரி மட்டும் போடாதீர்கள். பகலில் இலை மறைக்கிறது, அந்தியில் இருட்டு மறைக்கிறது. பிழை இரண்டும் வேறு வகை, கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

பகல் எண்ணிக்கை காலை 8 முதல் 10-க்குள் முடியட்டும். வெயில் ஏறினால் இறக்கையை விசிறிக்கொண்டு கிளை மாற ஆரம்பிக்கும், எண்ணியதையே மறுபடி எண்ணுவீர்கள். மரத்தடிக்குப் போகாமல் 40 மீட்டராவது தள்ளி நின்று 8×42 பைனாகுலரில் கிளை கிளையாக, இடமிருந்து வலமாக. ஒருவர் எண்ண, ஒருவர் எழுத. தாயின் மார்பில் ஒட்டியிருக்கும் குட்டிகளைத் தனியே குறியுங்கள். அந்தியில் அவற்றை எண்ண முடியாது, அதனால் மொத்தத்தில் சேர்த்தால் ஒப்பிட வழியிருக்காது.

அந்திக்கு, சூரியன் மறையும்போதே எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். தோப்பைச் சுற்றி நான்கு பேர். திசையைப் பொத்தாம்பொதுவாகப் பிரிக்காமல், 'இந்தப் பனையிலிருந்து அந்தச் செல்போன் கோபுரம் வரை உன்னுடையது' என்று கைகாட்டிப் பிரியுங்கள். ஆளுக்கு இரண்டு டேலி கவுன்ட்டர் (அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக எண்ணும் கைக்கருவி): வெளியே போவதற்கு வலது கை, வட்டமடித்துத் திரும்புவதற்கு இடது கை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ஓட்டம் அடர்ந்துவிட்டால் பத்துக்கு ஓர் அழுத்து. அதிகம் சொதப்புவது இங்கேதான். யார், எந்த நிமிடத்திலிருந்து பத்துப் பத்தாக அழுத்தினார் என்று படிவத்தில் இல்லாவிட்டால் அந்த மாலையே வீண். கடைசி வௌவால் போவதற்குள் இருட்டிவிட்டால் எண்ணுக்குப் பக்கத்தில் 'குறைந்தபட்சம்' என்று எழுதுங்கள்.

இன்னொன்று: அடர்ந்த ஓட்டத்தில் எண்ணுகிறவர் ஒரு மதிப்பைச் சொல்லும் அதே நொடியில் வானத்தைப் படம் எடுத்து, பிறகு திரையில் புள்ளி புள்ளியாக எண்ணுங்கள். அவர் 60 என்றார், படத்தில் 84 என்றால் அவருடைய திருத்தம் 1.4. இப்படி ஆளுக்குப் பத்துப் படமாவது வேண்டும். திருத்தம் தனிப் பத்தியில் நிற்கட்டும், மூல எண்ணைத் தொடவே கூடாது.

பனங்காடு_யாழ்:
நேரத்தில குழப்பம் இல்லை, இரண்டு நாட்டுக்கும் மணிக்கூடு ஒண்டுதான். நாள்தான் சிக்கல். உங்களுக்கு ஞாயிறு வசதி, எங்களுக்குப் போயா விடுமுறையிலதான் ஆட்களைச் சேர்க்கலாம். போயா எண்டால் முழுநிலவு. நிலா வெளிச்சத்தில கிளம்பும் நேரம் மாறக்கூடும். அதனால இரு கரையிலும் நிலாவின் ஒரே கட்டத்தை வைச்சு, ஒவ்வொரு வருடமும் அதையே பிடிப்பம்.

பக்கத்துப் பக்கத்துத் தோப்புகளை மட்டும் கட்டாயம் ஒரே மாலையில எண்ண வேணும். கூட்டம் இண்டைக்கு ஒரு தோப்பில, நாளைக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொண்டில அடையும். இரண்டு நாளாய் எண்ணினால் ஒரே வௌவாலை இரண்டு தரம் எண்ணுவம். கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே கிழமைக்குள்ள, அதாவது ஏழு நாளுக்குள்ள, முடிஞ்சால் போதும். நாங்கள் பார்க்கப்போறது வருடாவருடம் கூடுதோ குறையுதோ எண்டதுதான்.

அனுமதி: கோயில் காணி, தனியார் காணி எண்டால் உரியவரிட்டை. காப்புப் பகுதிக்குள்ள எண்டால் எங்கட பக்கம் வனசீவராசிகள் திணைக்களம், உங்கட பக்கம் வனத்துறை. பிடிக்கிறது, எச்சம் சேகரிக்கிறது எல்லாம் வேற கதை, ஒரு தன்னார்வலரும் கை வைக்கக்கூடாது. இந்த இனம் சைட்டிஸ் எண்ட காட்டுயிர் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின்ர இரண்டாம் பட்டியலில இருக்கு, மாதிரியை உரிமம் இல்லாமல் எல்லை கடத்த ஏலாது. எங்களுக்குள்ள போய்வர வேண்டியது எண்கள் மட்டும்தான்.

அடைமரம்_டெல்டா:
நன்றி. தோப்புக்குப் போனதும் ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியே நிபா. என்ன சொல்வது?

சுகாதாரம்_களம்:
மழுப்பாமல் உள்ளதைச் சொல்லுங்கள். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா பரவியது உண்மை, பழந்தின்னி வௌவால்கள் அந்த வைரஸைச் சுமப்பதும் உண்மை. தோப்பில் தொங்குவதால் மட்டும் நோய் வந்துவிடாது. எச்சில், சிறுநீர் பட்டதை உண்பதும் குடிப்பதும்தான் வழி. பங்களாதேஷில் ஈச்சஞ்சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களுக்குத் தொற்றியது பலமுறை உறுதியானது. அங்கே கலயத்தையும் சீவிய இடத்தையும் மூங்கில் தட்டியால் மூடிக் கட்டுகிறார்கள். பதநீர் இறக்கும் ஊர்களில் இந்தத் தட்டியைப் படமாகக் காட்டினால் நன்றாகப் புரியும். கடிபட்ட பழத்தைத் தின்ன வேண்டாம். மரத்தை வெட்டினால் கூட்டம் சிதறி அடுத்த ஊர் மரங்களில் போய் அடையும், அவ்வளவுதான்.

எண்ணுகிறவர்களுக்கு: முழுக்கை சட்டை, தொப்பி, அடைமரத்துக்கு நேர் கீழே நிற்கவே கூடாது. கோடையில் வெப்பத்தால் வௌவால்கள் செத்து விழுந்தாலும் தொடாமல், எண்ணிக்கையும் நேரமும் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். தரையில் கிடக்கும் குட்டியும் அப்படியே. கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு மருத்துவமனை போக வேண்டும். சிறிய கீறல்தானே என்று விடக்கூடாது.

தரவு_அட்டவணை:
கோவை ஜூ அவுட்ரீச் அமைப்பிலிருந்து இயங்கிய தென்னாசிய வௌவால் வலையமைப்பு, டெரோகவுன்ட் என்ற பெயரில் தன்னார்வலர்களை வைத்து இதே இனத்தின் அடைமரங்களைக் கணக்கெடுத்தது. பழைய பதிவுகளோடு சேர்க்கப்போகிறீர்கள் என்றால் பெயரில் கவனம். அவற்றில் டெரோபஸ் ஜைகான்டியஸ் என்று இருக்கும், இப்போது டெரோபஸ் மீடியஸ். இரண்டும் ஒரே இனம்தான்.

முறையைப் பதியாத எண் சண்டைக்குத்தான் உதவும். மொரீஷியஸில் லிச்சி, மாம்பழச் சேதத்தைக் காரணம் காட்டி 2015, 2016-இல் அரசே பழந்தின்னி வௌவால்களைக் கொன்றபோது, தீவில் மொத்தம் எத்தனை இருக்கின்றன என்பதிலேயே வாக்குவாதம். 2018-இல் அந்த இனம் ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) பட்டியலில் அருகிவரும் நிலைக்குப் போனது. இந்தியாவில் பழந்தின்னிகளைத் தீங்குயிர்களாக வைத்திருந்த, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை 2022 திருத்தத்தில்தான் நீங்கியது, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நல்ல எண்களுக்கு மதிப்புக் கூடியிருக்கிற நேரம் இது.

படிவத்தில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று பிறகு யாருக்கும் தெரியாது. மரத்தின் பெயர், வௌவால் தொங்கும் மரங்களின் எண்ணிக்கை, அருகில் மின்கம்பி, வெடி, வேட்டை, வெட்டிய கிளை எல்லாம் தனித்தனிக் கட்டத்தில். வெளியிடும் அட்டவணையில் அட்சரேகை, தீர்க்கரேகைக்கு இரண்டு தசம இடம் போதும், ஒரு கிலோமீட்டர் அளவுக்கு இடம் மங்கிவிடும். துல்லிய இடம் இரு கரை ஒருங்கிணைப்பாளர்களிடம் மட்டும் இருக்கட்டும், வேட்டைக்காரர்களும் இணையம் பார்க்கிறார்கள்.

தோப்புக்கு ஓர் எண் கொடுத்தால் மரமே விழுந்தாலும் அதை வேறு தோப்புக்குத் தராதீர்கள். கூட்டம் போய்விட்ட தோப்புக்கும் அடுத்த வருடம் போய் நின்று 0 என்று எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் யாரும் போகவில்லை என்றுதான் பொருள்.