தோத்தா மனைவி காரணம், ஜெயிச்சா பயிற்சி காரணமா?

நைட்வாட்ச்மேன்:
நம்ம கிரிக்கெட் அணி ஆஸ்திரேலியாவுல 1-3னு டெஸ்ட் தொடரை விட்டுட்டு வந்த கையோட, 2025 ஜனவரில இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ ஒரு விதி போட்டது. 45 நாளுக்கு மேல நீளுற வெளிநாட்டுத் தொடர்னா மனைவியும் 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளும் ஒரே ஒரு தடவை வரலாம், அதுவும் ரெண்டு வாரத்துக்கு மேல கூடாது. நம்ம ஆளுங்க பாதிப் பேர் அதுக்குக் கைதட்டினாங்க. இப்பவும் எந்தத் தோல்வியா இருந்தாலும் கீழ ஒரு கமெண்ட் விழுது: "விளையாடப் போனாங்களா, ஹனிமூன் போனாங்களா?"

அந்தத் தொடர் ஏன் போச்சுன்னு ஸ்கோர்கார்டைப் பாத்தாலே தெரியும். பும்ரா ஒத்தை ஆளா 32 விக்கெட் எடுத்தார். சிட்னில ரெண்டாவது இன்னிங்ஸ்ல முதுகு பிடிச்சுக்கிட்டு பந்து போட முடியாமப் போச்சு. ரோஹித் 5 இன்னிங்ஸ்ல மொத்தம் 31 ரன். இதுல எந்த மனைவி வந்து எந்த பேட்டைப் பிடிச்சு இழுத்தாங்க? அதுக்கு முன்னாடி நம்ம நாட்டுலயே நியூசிலாந்துகிட்ட 0-3னு வாங்கினோமே, அதுக்கு யாரைத் திட்டுறது?

2018-19ல ஆஸ்திரேலிய மண்ணுல முதல் டெஸ்ட் தொடரை ஜெயிச்சப்ப கோலி சிட்னி மைதானத்துல அனுஷ்காவோட கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தார். அன்னிக்கு அது அழகான போட்டோ. தோத்திருந்தா அதே போட்டோவுக்கு என்ன தலைப்பு வெச்சிருப்போம்னு உங்களுக்கே தெரியும்.

எங்க வீட்டுல மேட்ச் குடும்பமாத்தான் பாப்போம். ஒரு நல்ல பார்ட்னர்ஷிப் ஓடுதுன்னா அம்மா யாரையும் இடம் மாற விடமாட்டாங்க. காலை மடக்கி உக்காந்தவன் மடக்கினபடியே இருக்கணும், தண்ணி குடிக்கணும்னா ஓவர் முடியணும். அப்பா சவுண்டைக் குறைச்சுட்டு தானே வர்ணனை சொல்லுவார். இப்படி குடும்பமா உக்காந்து ரசிச்சுட்டு, களத்துல நிக்கிறவன் மட்டும் குடும்பத்தை மறந்துடணும்னு சொல்ல நமக்கு என்ன வாய் இருக்கு?

முரட்டுரசிகன்:
வாய் இருக்கு சகோ. கோடிக்கணக்குல சம்பளம் வாங்குற வேலை அது. எங்க மாமா கப்பல்ல இருக்கார், வருஷத்துல பாதி கடல்லதான். பிள்ளைங்களை வீடியோ கால்லதான் வளர்த்தார். அவருக்காக யாரும் இப்படிப் பதிவு போட்டதில்ல. பிசிசிஐ குடும்பமே வரக்கூடாதுன்னா சொல்லுச்சு? ரெண்டு வாரம் கொடுத்திருக்கு.

அப்புறம், நாம எதைப் பாத்து ரசிகனானோம்? 2015 உலகக் கோப்பை ஆரம்பிக்கப் போற நேரத்துல தோனிக்குப் பொண்ணு பிறந்தா. மனுஷன் ஆஸ்திரேலியாவுலதான் இருந்தார். தேசக் கடமைல இருக்கேன், மத்ததெல்லாம் காத்திருக்கட்டும்னுட்டார். கோலி 18 வயசுல ரஞ்சி ஆடிட்டிருக்கும்போது ராத்திரி அப்பா தவறிட்டார். காலைல வந்து விட்ட இடத்துல இருந்து ஆடி 90 அடிச்சார். சிராஜ் 2020ல அப்பா இறந்த செய்தி கேட்டும் ஊருக்குப் போகல. சிட்னில தேசிய கீதம் பாடும்போது அவர் கண்ணைத் துடைச்சதைப் பாத்து அழாதவன் யாரு? அதெல்லாம் சும்மா வந்துடாது.

வலைப்பந்துவீச்சாளர்:
சிராஜ் கதைல ஒண்ணை விட்டுட்டீங்க பாஸ். ஊருக்குப் போறியான்னு பிசிசிஐ கேட்டுச்சு, அவர்தான் இருக்கேன்னு சொன்னார். அது அவரோட முடிவு. அதை எடுத்து மத்தவங்களை அளக்குற கோலாக்கினா என்ன அர்த்தம்? 1999 உலகக் கோப்பைல சச்சின் அப்பா இறந்தப்ப ஊருக்குக் கிளம்பிட்டார். அவர் இல்லாத ஜிம்பாப்வே மேட்சை 3 ரன்ல தோத்தோம். திரும்பி வந்து கென்யாகூட ஆட்டமிழக்காம 140 அடிச்சு வானத்தைப் பாத்தார். சச்சினுக்கு நாட்டுப்பற்று கம்மின்னு சொல்வீங்களா?

ஆனா நைட்வாட்ச்மேன் சொல்றதுலயும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. இந்த விவாதம் எப்பவுமே பெரிய ஸ்டாரைச் சுத்தித்தான். 2020ல கோலி ஒரு டெஸ்ட் ஆடிட்டு குழந்தை பிறப்புக்கு ஊருக்கு வந்தார், நியாயம்தான். அதே சமயம் நம்ம நடராஜனுக்கு ஐபிஎல் நடக்கும்போதே பொண்ணு பிறந்துடுச்சு. துபாய்ல இருந்து நேரா ஆஸ்திரேலியாவுக்கு, வலைப்பயிற்சில பந்து போடுற ஆளாக் கூட்டிட்டுப் போனாங்க. ஒவ்வொருத்தரா காயத்துல விழ விழ, ஒருநாள், டி20, டெஸ்ட்னு மூணுலயும் அறிமுகமாகிட்டார். குழந்தை முகத்தை நேர்ல பாத்தது 2021 ஜனவரில ஊர் திரும்பின பிறகுதான். பிரிஸ்பேன்ல ஆஸ்திரேலியாவோட காபா மைதானக் கோட்டையை உடைச்சு தொடரை ஜெயிச்சதும் ரஹானே கோப்பையைக் கொண்டுபோய் அவர் கைல கொடுத்தாரே, அந்தப் படத்தை எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். ஒரே அணி, ஒரே தொடர், ரெண்டு அப்பா. கவாஸ்கர் அப்பவே இதை எழுதினார், அவரையும் திட்டினோம்.

முரட்டுரசிகன்:
பாத்தீங்களா, இதுதான் நான் சொல்றது. நடராஜன் போகாம நின்னதாலதான் மூணு தொப்பி கிடைச்சுது. போயிருந்தா வேற எவனாவது வாங்கியிருப்பான்.

கோலி விஷயத்துலயும் சொல்றேன், அடிலெய்டு டெஸ்ட்ல அணி 36க்குச் சுருண்ட கையோட கேப்டன் ஊருக்குக் கிளம்புறது எந்த ஊர் நியாயம்?

நைட்வாட்ச்மேன்:
> 36க்குச் சுருண்ட கையோட கேப்டன் ஊருக்குக் கிளம்புறது

அந்த லீவு தொடர் ஆரம்பிக்கும் முன்னாடியே, நவம்பர்லயே அறிவிச்சாச்சு. 36 அடிச்சதால கிளம்பல, 36 அடிப்பாங்கன்னு தெரிஞ்சும் கிளம்பல. அவர் போன பிறகு என்ன ஆச்சு? மெல்போர்ன்ல ரஹானே 112, தொடர் 2-1. 2024ல ரோஹித் ரெண்டாவது குழந்தைக்காக பெர்த் டெஸ்டுக்கு வரல. பும்ரா தலைமைல 295 ரன்ல ஜெயிச்சோம். அந்தத் தொடர்ல நாம ஜெயிச்ச ஒரே மேட்ச் அதுதான்!

அப்புறம், அப்பா இறந்த மறுநாள் 90 அடிச்ச கோலியும், மகளைப் பாக்கப் போன கோலியும் ஒரே ஆள். முதல் கோலியைக் கும்பிடுறீங்க, ரெண்டாவது கோலியைக் கேள்வி கேக்குறீங்க. ரெண்டையும் அவரே முடிவு பண்ணினார்ங்கறது மட்டும் உங்களுக்கு உறைக்கவே மாட்டேங்குது.

பேஸ்லைன்:
இவ்வளவு நேரமா அப்பாக்களைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. ஒரு அப்பா மூணு நாள் லீவு போட்டுட்டு வந்தா அவர் இடம் அவருக்காகக் காத்திருக்கும். அம்மா ஆனவங்க கதை தெரியுமா?

டென்னிஸ்ல செரீனா வில்லியம்ஸ் 2017 செப்டம்பர்ல பிரசவம் முடிஞ்சு திரும்பி வந்தப்ப, 23 கிராண்ட்ஸ்லாம் ஜெயிச்சவங்களுக்கு 2018 பிரெஞ்சு ஓபன்ல சீடிங்கே (முன்னணி ஆளுங்களுக்குக் கொடுக்குற வரிசை எண்) கிடையாது. தரவரிசை 400ஐத் தாண்டி எங்கயோ போயிருந்துச்சு. அந்தச் சத்தத்துக்கு அப்புறம்தான் பெண்கள் டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏ விதியை மாத்துச்சு. குழந்தை பெத்துட்டு வர்றவங்க 3 வருஷம் வரைக்கும் பழைய தரவரிசையைக் காட்டிப் போட்டிகள்ல நுழையலாம்.

ஓட்டத்துல அலிசன் ஃபீலிக்ஸ். கர்ப்பமா இருந்தப்ப ஷூ கம்பெனி நைக்கி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முன்பைவிட 70 சதவீதம் கம்மியாக் கொடுக்க முன்வந்ததா 2019ல அவங்களே வெளிப்படையா எழுதினாங்க. அந்த வருஷமே நைக்கி விதியை மாத்திக்கிச்சு. ஃபீலிக்ஸ் சொந்தமா ஒரு ஷூ நிறுவனம் ஆரம்பிச்சு, அந்த ஷூவைப் போட்டுக்கிட்டே டோக்கியோவுல 400 மீட்டர்ல வெண்கலம், தொடர் ஓட்டத்துல தங்கம். ஐஸ்லாந்து கால்பந்து வீராங்கனை குன்னார்ஸ்டோட்டிருக்கு கர்ப்ப காலத்துல லியோன் கிளப் முழுச் சம்பளம் கொடுக்கல. ஃபிஃபா தீர்ப்பாயம் வரைக்கும் போய் 82,000 யூரோவுக்கு மேல வாங்கினாங்க.

முரட்டுரசிகன் அண்ணே, உங்க "தேசக் கடமை" அளவுகோலை இவங்க மேல வெச்சுப் பாருங்க. குழந்தையைத் தள்ளி வைக்க இவங்களால முடியுமா?

முரட்டுரசிகன்:
அது வேற தங்கச்சி. உடம்பு சம்பந்தப்பட்டது, அதுக்கு விதி வேணும், ஒத்துக்கறேன். நான் பேசுறது அணி கட்டுக்கோப்பு. ஆளுக்கொரு கார்ல வர்றது, ஆளுக்கொரு ஹோட்டல்ல குடும்பத்தோட தங்குறது, இதெல்லாம் வந்தா அணின்னு ஒண்ணு எங்க இருக்கு? அந்த விதி வந்த பிறகு துபாய்ல சாம்பியன்ஸ் டிராபியை ஒரு மேட்ச்கூடத் தோக்காம ஜெயிச்சோமே, அதுக்கு என்ன சொல்றீங்க?

வலைப்பந்துவீச்சாளர்:
ஐயோ பாஸ், வசமா மாட்டினீங்க. அது மூணு வாரம்கூட ஓடாத போட்டி, அஞ்சே மேட்ச். அந்த ஃபைனல் முடிஞ்சதும் நடந்தது என்ன? ஷமி தன் அம்மாவைக் கூட்டிட்டு வர்றார், கோலி குனிஞ்சு அவங்க காலைத் தொட்டுட்டு, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறார். குடும்பம் இல்லாததால ஜெயிச்ச கோப்பைன்னு சொல்றீங்க, கோப்பை வாங்குன இடத்துலயே குடும்பம் நின்னுட்டிருந்துச்சு.

அந்த மார்ச்லயே கோலி வெளிப்படையாச் சொன்னாரே, தோத்துட்டு வந்து ரூம்ல தனியா முகத்தைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்க விருப்பமில்லன்னு. நீங்களும் நானும் ஆபீஸ்ல திட்டு வாங்கிட்டு எங்க போறோம்? வீட்டுக்குத்தானே?

அகாடமி அப்பா:
நான் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறேன். என் மகன் பயிற்சிக்குப் போகிறான். விடியற்காலையில் அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேலியோரம் நிற்கும் மற்ற பெற்றோரைப் பார்க்கிறேன். ஒருவர் மகன் ஆடும் ஒவ்வொரு பந்துக்கும் கையால் ஷாட் காட்டிக்கொண்டே இருப்பார். பையன் அவுட்டானால் முதலில் பார்ப்பது அப்பா முகத்தைத்தான், பயிற்சியாளரை அல்ல.

குகேஷின் அப்பா காது-மூக்கு-தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தன் தொழிலை நிறுத்திவைத்தார். குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சதுரங்க சாம்பியன். பிரக்ஞானந்தா ஆடும் இடத்தில் அவர் அம்மா ஒரு ஓரமாக நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குடும்பத்தைக் கவனச்சிதறல் என்பவர்கள் இவர்களை எங்கே வைப்பார்கள்? மறுபக்கம் டென்னிஸில் தன் அப்பாவிடம் பட்ட அடி உதையை வீராங்கனை யெலேனா டோகிச்சே பின்னாளில் சொன்னார். ஆக, குடும்பம் கூட இருந்தாலே நல்லது என்றும் நான் சொல்ல மாட்டேன்.

நைட்வாட்ச்மேன்:
சார், அருமையான விஷயம், தனி இழையாவே போடுங்க. இங்க ரசிகர்களைப் பத்திப் பேசி முடிச்சுக்கறேன்.

2021 அக்டோபர்ல பாகிஸ்தான்கிட்ட 10 விக்கெட்ல தோத்தோம். ஷமியை மதத்தை வெச்சுத் திட்டினாங்க. கோலி அவருக்கு ஆதரவாப் பேசினார். உடனே கோலியோட கைக்குழந்தைக்கு ஒருத்தன் பாலியல் மிரட்டல் விட்டான், போலீஸ் பிடிச்சுது. அதே வருஷம் ஒலிம்பிக் அரையிறுதில பெண்கள் ஹாக்கி அணி தோத்ததும் வந்தனா கட்டாரியா வீட்டு வாசல்ல பட்டாசு வெடிச்சு சாதியைச் சொல்லித் திட்டினாங்க. 2015 உலகக் கோப்பை அரையிறுதில கோலி 1 ரன்ல அவுட்டானதுக்கு அனுஷ்காவைக் கேலி பண்ணினது நினைவிருக்கா? அன்னிக்கு சிரிச்சவங்க நம்ம நண்பர்கள் வட்டத்துலயே எத்தனை பேர்! "குடும்பம் வந்ததாலதான் தோத்தாங்க"ன்னு சாதாரணமாப் போடுற கமெண்டுக்கும் இதுக்கும் நடுவுல நிறைய தூரம் இருக்குன்னு நாம நினைச்சுக்கறோம்.

முரட்டுரசிகன்:
அந்த நாய்களோட என்னைச் சேக்காதீங்க. விமர்சனம் வேற, வக்கிரம் வேற.

ஸ்கோர்புக்:
ரெண்டு பக்கமும் ஆளாளுக்கு வீரர் பேரைச் சொல்றீங்க, எழுதி வெச்ச விதியைப் பத்தி பேஸ்லைன் மட்டும்தான் பேசினாங்க. அமெரிக்க பேஸ்பால்ல 2011ல இருந்து குழந்தை பிறப்புக்குன்னே தனி லீவுப் பட்டியல் இருக்கு. 3 நாள் வரைக்கும் போகலாம், அந்த இடத்துக்கு அணி வேற ஆளை எடுத்துக்கலாம். ஸ்டாரா இருந்தாலும் புதுப் பையனா இருந்தாலும் ஒரே கணக்கு. நடராஜன் கதைக்குத் தேவைப்பட்டது இதுதான். கொரோனா குமிழி, தனிமைப்படுத்தல்னு அன்னிக்கு ஆயிரம் சிக்கல் இருந்துச்சு, அது உண்மை. ஆனா "போகலாமா"ன்னு வாய்விட்டுக் கேக்குற தைரியம் வலைப்பயிற்சிக்கு வந்தவனுக்கு எங்கிருந்து வரும்?

விதி இருந்தும் சண்டை வந்துச்சுங்கறது தனிக் கதை. 2014ல நியூயார்க் மெட்ஸ் ஆட்டக்காரர் டேனியல் மர்ஃபி சீசனோட முதல் ரெண்டு ஆட்டத்துக்கு வராம மனைவிகூட இருந்தார். சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சிசேரியன் பண்ணியிருக்கணும்னு ஒரு ரேடியோத் தொகுப்பாளர் பேசிட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்டார்.

முரட்டுரசிகன்:
இது சரி. 3 நாள், எல்லாருக்கும் பொது, மாற்று ஆள் ரெடி. இப்படி இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா உலகக் கோப்பை நாக்-அவுட்ல மட்டும் கிடையாதுன்னு ஒரு வரி சேக்கணும்.

பேஸ்லைன்:
அந்த ரேடியோக்காரர் சொன்னதும் இதேதான் அண்ணே. அவர் சீசன் தொடக்கத்துக்குச் சொன்னார், நீங்க நாக்-அவுட்டுக்குச் சொல்றீங்க.

முரட்டுரசிகன்:
அவர் மன்னிப்புக் கேட்டார், நான் கேக்கப் போறதில்ல. செமிஃபைனல் செமிஃபைனல்தான்.